ஐம்பது பவுண்டுக்குப் போன வண்டி
ஃபெர்கஸ் ஹ்யூமின் துப்பறியும் நாவலும் அதன் சொந்தப் பதிப்பும்

1. ஒரு வெற்றி, மூன்று கதைகள்

1886ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மெல்பர்ன் நகரத்துக் கடைகளுக்கு ஒரு ஷில்லிங் நாவல் வந்தது. ‘தி மிஸ்டரி ஆஃப் எ ஹான்சம் கேப்’ என்பது அதன் பெயர். எழுதிய ஃபெர்கஸ் ஹ்யூமுக்கு அப்போது வயது 27. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. நாவலாசிரியர் என்று அவரை யாரும் அறிந்திருக்கவில்லை. பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்க்கவே மறுத்துவிட்டதால் சொந்தக் காசைப் போட்டு, கெம்ப் அண்ட் பாய்ஸ் அச்சகத்தில் நூலை அச்சடித்தார். மறு ஆண்டே அது லண்டனில் லட்சக்கணக்கில் விற்றது. அந்த லண்டன் விற்பனையில் எழுதியவர் கையில் சேர்ந்தது 50 பவுண்டு மட்டுமே.

இதைப் பற்றி மூன்று விதமான கதைகள் சொல்லப்படுகின்றன. ஒதுக்கித் தள்ளப்பட்ட எழுத்தாளர் பதிப்பாளர்கள் முகத்தில் கரி பூசினார் என்பது ஒன்று. சொந்தப் பதிப்புக்காக வாதாடுகிறவர்களுக்கு இது மிகவும் பிடித்தமானது. விவரம் தெரியாத இளைஞர் பெரும் புதையலை அடிமாட்டு விலைக்கு விற்று ஏமாந்தார் என்பது இரண்டாவது. மூன்றாவதை ஆர்தர் கோனன் டாயிலே சொல்லியிருக்கிறார். கதை மட்டமானது, வெறும் விளம்பரத்தால் விற்றது என்று தம் கடிதம் ஒன்றில் அவர் எரிச்சலோடு எழுதினார்.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் நாவலை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று யோசிக்கும் ஒருவருக்கு இம்மூன்றுமே போதிய வெளிச்சம் தருவதில்லை. ஹ்யூம் எதைச் சரியாகச் செய்தார், எந்த இடத்தில் கைநழுவ விட்டார் என்பதைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். இக்கட்டுரை அந்த முயற்சி.

2. முன்னுரை என்னும் சாட்சியம்

நமக்கிருக்கும் முதன்மைச் சான்று ஹ்யூம் தாமே எழுதியது. 1896இல் லண்டனில் வெளிவந்த திருத்திய பதிப்புக்கு அவர் ஒரு முன்னுரை சேர்த்தார். அதில் அவர் சொல்வதன் சாரம் இது: அவர் எழுத விரும்பியது நாடகம். மெல்பர்ன் நாடக அரங்குகளின் நிர்வாகிகள் எவரும் அவருடைய நாடகத்தைப் படிக்கக்கூடத் தயாராக இல்லை. ஒரு நாவல் எழுதிப் பெயர் வாங்கினால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். நகரத்தின் பெரிய புத்தக வியாபாரி ஒருவரிடம் போய், எந்த வகை நூல் அதிகம் விற்கிறது என்று கேட்டார். பிரெஞ்சுக்காரர் எமில் கபோரியோவின் துப்பறியும் கதைகள் என்று பதில் வந்தது. அந்தப் பெயரையே அதுவரை கேட்டிராத ஹ்யூம், ஏறத்தாழ பதினொரு நூல்களையும் வாங்கி ஊன்றிப் படித்தார். ஒரு மர்மம், ஒரு கொலை, மெல்பர்னின் சேரி வாழ்க்கை ஆகிய மூன்றும் கொண்ட நூல் எழுதுவது என்று தீர்மானித்தார்.

இந்தச் சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியுமா? நடந்து பத்தாண்டு கழித்து எழுதியது. இந்த நாவலைத் தாமே எழுதியதாகச் சொல்லிக்கொண்டு பலர் கிளம்பிவிட்ட நிலையில், தம் உரிமையை நிலைநாட்ட எழுதியது. அதனால் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டும்.

குடியேற்ற நாட்டுக்காரன் எழுதினால் உருப்படியாக இருக்காது என்று பதிப்பாளர்கள் சொன்னார்கள் என்பது முதலாவது. அப்படி ஓர் இளக்காரம் அக்காலத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் மார்கஸ் கிளார்க்கின் ‘ஹிஸ் நேச்சுரல் லைஃப்’ 1874இல் அதே மெல்பர்னில் நூலாக வெளிவந்திருந்தது. ஆக, கதவு முழுக்க அடைபட்டுக் கிடக்கவில்லை. அங்கிருந்த பெரிய நிறுவனங்களின் பிழைப்பு இங்கிலாந்து நூல்களை இறக்கி விற்பதில் இருந்தது. பெயர் தெரியாத ஒருவரின் நாவலில் முதல் போட அவர்களுக்கு அவசியம் இல்லை. இளக்காரத்துக்குப் பின்னால் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. கபோரியோவைப் படித்துத்தான் இந்த வகையைக் கண்டுகொண்டேன் என்கிறார் ஹ்யூம். அவரளவில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மெல்பர்ன் வாசகர்களுக்குத் துப்பறியும் கதை புதிதே அல்ல. ‘ஆஸ்திரேலியன் ஜர்னல்’ இதழில் மேரி ஃபார்ச்சூன் என்ற பெண், புனைபெயரில் ஒளிந்துகொண்டு, 1868 முதல் துப்பறியும் கதைகளைத் தொடர்ந்து எழுதிவந்தார். ஹ்யூம் மெல்பர்னில் வந்து இறங்கிய 1885இல், அந்நகர வாசகர்கள் பதினேழு ஆண்டுகளாகப் போலீஸ் கதை படித்துப் பழகியிருந்தார்கள். உழுது பண்படுத்திய நிலத்தில்தான் ஹ்யூம் விதைத்தார். உழுதவரின் பெயர் நெடுங்காலம் யாருக்கும் தெரியாமலே போனது. ஃபார்ச்சூனை மீட்டெடுத்த ஆய்வாளர்களில் முதன்மையானவர் லூசி சசெக்ஸ். ஹ்யூமின் நாவலைப் பற்றி ‘பிளாக்பஸ்டர்!’ என்ற விரிவான நூலை 2015இல் எழுதியவரும் அவரே.

3. வண்டிக்குள் ஒரு கொலை

விளம்பரத்தால் மட்டும் விற்ற நூல் என்ற டாயிலின் தீர்ப்பைச் சோதிக்க வேண்டுமானால் நாவலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நள்ளிரவு தாண்டிய நேரம். மெல்பர்னின் காலின்ஸ் தெருவில், பர்க், வில்ஸ் இருவரின் சிலைக்கு அருகே, நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருக்கும் ஒருவரை இன்னொருவர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கூப்பிடுகிறார். இருவரும் ஏறுகிறார்கள். செயின்ட் கில்டா சாலையில், பள்ளிக்கூடம் ஒன்றின் அருகே ஒருவர் இறங்கிப் போய்விடுகிறார். வண்டி மேலே போகிறது. சேரவேண்டிய இடம் நெருங்கியதும் வண்டிக்காரர் குரல் கொடுக்கிறார். பதில் இல்லை. இறங்கி எட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பவர் பிணம். வாயில் குளோரோஃபார்மில் நனைத்த கைக்குட்டை.

இந்தக் காட்சியின் பலம் அந்த வண்டியின் அமைப்பில் இருக்கிறது. ஹான்சம் வண்டிக்கு இரண்டு சக்கரம், ஒரு குதிரை. பயணிகள் இருவர் முன்பக்கமாக அருகருகே உட்காரலாம். வண்டிக்காரரின் ஆசனம் அவர்களுக்குப் பின்னால், கூரைக்கு மேல். லகான் அவர்கள் தலைக்கு மேலாகப் போகும். கூரையிலுள்ள சிறு திறப்பு வழியாகத்தான் பேச முடியும். அது மூடியிருந்தால் உள்ளே நடப்பது எதுவும் வண்டிக்காரருக்குத் தெரியாது. நம் ஊர் ஜட்காவில் இந்தக் கொலையை வைக்கவே முடியாது. அங்கே வண்டிக்காரர் முன்னால் உட்கார்ந்திருப்பார். பின்னால் முனகினால்கூட அவர் காதில் விழும். நகரத்தின் நடுவில், ஒரு சாட்சி நான்கடி தூரத்தில் இருக்க, யாரும் பார்க்காமல் ஓர் உயிர் போவதற்கு ஹான்சம் வண்டியைவிடப் பொருத்தமான இடம் அந்தக் காலத்தில் வேறில்லை. ஓர் இரவு செயின்ட் கில்டாவுக்கு வண்டியில் போகும்போதுதான் இந்த எண்ணம் தோன்றியதாக ஹ்யூம் சொல்கிறார். வாசகர்களில் பலர் அன்றாடம் ஏறி இறங்கிய வண்டி அது. நாவலைப் படித்தபின் அதில் ஏறும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கதையைத் தொடங்கும் முறையும் கவனிக்கத் தக்கது. முதல் அத்தியாயம் ‘ஆர்கஸ்’ நாளிதழின் செய்தி வடிவில் இருக்கிறது. இரண்டாவது, மரண விசாரணையில் சாட்சிகள் சொன்னது. மூன்றாவது, கொலையாளியைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 100 பவுண்டு வெகுமதி என்ற அரசு அறிவிப்பை ஒட்டியது. துப்பறிபவர் முன்னுக்கு வருவது அதற்குப் பிறகுதான். ‘ஆர்கஸ்’ மெல்பர்னில் உண்மையாகவே வந்துகொண்டிருந்த பத்திரிகை. காலையில் அதை வாசித்தவர்கள் மாலையில் நாவலிலும் அதே பத்திரிகையை வாசித்தார்கள். முதல் நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதாநாயகனின் குணநலன்களை வர்ணிப்பதில் முதல் இருபது பக்கங்களைத் தொலைப்பார்கள். ஹ்யூம் ஆவணங்களை நம் கையில் கொடுத்து, வாசகரையே முதல் துப்பறிபவராக்கிவிடுகிறார்.

அடுத்து சேரி. லிட்டில் பர்க் தெருவின் சந்துகளில் பல இரவுகள் சுற்றி விவரம் சேகரித்ததாக அவர் எழுதுகிறார். நாவலில் வரும் மதர் கட்டர்ஸ்னைப் என்னும் கிழவி அங்கே கண்டெடுத்த பாத்திரம். வாயைத் திறந்தால் வசவு. மாளிகைவாசிகளின் ரகசியம் அந்தக் கிழவியின் குடிசையில் கிடப்பதாகக் கதையை முடிச்சுப் போட்டதுதான் இந்நாவலின் உண்மையான சாதனை என்று கருதுகிறேன். யார் கொன்றார் என்ற கேள்விக்கு அடியில், இந்த நகரத்துச் செல்வர்களின் பணமும் மானமும் எதன்மேல் நிற்கின்றன என்ற கேள்வி ஓடுகிறது. கபோரியோவிடமிருந்து ஹ்யூம் எடுத்துக்கொண்டது முறையை மட்டுமே, பாரிஸை எடுத்துக்கொள்ளவில்லை. தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் நாவல்களில் பல, ஆங்கில நாவல்களின் கதையை அப்படியே வாங்கி ஊர் பேர் மாற்றியவை என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு புரியும்.

4. இரண்டாம் வரைவு

கதையின் எலும்புக்கூட்டை அமைக்க மட்டும் இரண்டு மாதம் ஆனது என்கிறார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே திருப்தி இல்லை. கொலையாளி யாரென்று வெளிப்படையாகத் தெரிந்தது. எனவே இன்னொரு பாத்திரத்தை உள்ளே கொண்டுவந்து, முழு நாவலையும் மறுபடி எழுதினார்.

பதிப்பாசிரியர் என்று ஒருவர் இல்லாத நிலையில் நடந்தது இது. சொந்தப் பதிப்பு பற்றிய பேச்சில் அச்சு, அட்டை, விற்பனை எல்லாம் வருகின்றன; இந்த வேலை பெரும்பாலும் வருவதே இல்லை. மர்ம நாவலில் எழுதியவருக்கு விடை முன்கூட்டியே தெரியும். தெரியாதவரின் கண்ணோடு தன் பிரதியைப் படிப்பது மிகக் கடினம். ஹ்யூம் அதைச் செய்தார். செய்தபின் கைவலிக்கத் திரும்பவும் எழுதினார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தடுக்க ஆளில்லாததால் கிழவியின் வசவுகளை 1886இல் அவர் தாராளமாக அச்சேற்றினார். 1896இல், லண்டன் பதிப்புக்காக, அவரே அவற்றை மட்டுப்படுத்தினார். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதி பெரும்பாலும் அந்தத் திருத்திய பதிப்புதான். மெல்பர்ன் மக்கள் படித்து அதிர்ந்த நூலை அதன் முழுக் காரத்தோடு நாம் படிப்பதில்லை. இதை ஒரு நஷ்டம் என்றே சொல்வேன்.

5. ஐயாயிரம் பிரதிகள்

முதல் பதிப்பு ஐயாயிரம் பிரதி, மூன்று வாரத்தில் தீர்ந்தது என்பது முன்னுரைக் கணக்கு. ஐயாயிரம் என்ற எண்ணையும் ‘என்று நினைக்கிறேன்’ என்ற ஒட்டுடன்தான் ஹ்யூம் தருகிறார். முழுதும் நம்பாவிட்டாலும், நம்ப முடியாத எண் அல்ல அது. மெல்பர்னின் மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 2,83,000, 1891இல் 4,90,000. தங்கம் கொழித்த நகரம், அப்போது நில வியாபாரத்திலும் கொழித்துக்கொண்டிருந்தது. விக்டோரியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டம் இலவச, கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் 1886இல் இருபது வயதை ஒட்டியவர்கள்; கையில் சம்பளமும் ஒரு ஷில்லிங்கும் உள்ளவர்கள். பர்க் தெருவில் 1883 முதல் கோல்ஸ் புக் ஆர்கேட் என்னும் பிரம்மாண்டமான புத்தகக் கடை இயங்கியது. உள்ளே வந்து யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம்.

தன் நகரத்தைப் பற்றி, தன் பேச்சில், தன் வசதிக்கேற்ற விலையில் ஒரு நூல் வராதா என்று இந்தக் கூட்டம் காத்திருந்தது. அதைப் பதிப்பாளர்கள் பார்க்கவில்லை. முதலில் கடைக்காரரிடம் போய்க் கேட்ட எழுத்தர் பார்த்தார்.

ஆனால் ஹ்யூம் தனியாளாக இதைச் செய்யவில்லை. முன்னுரையில் பேர் வராத ஒருவரை சசெக்ஸின் ஆய்வு முன்னிறுத்துகிறது: ஃபிரெடரிக் ட்ரிஷ்லர். நூலைச் சந்தைப்படுத்துவதில் பெரும் திறமைசாலி. மெல்பர்னில் நூல் பரவியதிலும், பின்னர் லண்டனில் அது கொடிகட்டிப் பறந்ததிலும் அவர் கை இருந்தது. எத்தனையாவது ஆயிரம் என்பதை லண்டன் பதிப்புகளின் அட்டையிலேயே அச்சடித்தார்கள். எண்ணிக்கையையே விளம்பரமாக்கும் இந்த உத்தி டாயிலை எரிச்சலூட்டியதில் வியப்பில்லை. 1888இல் ‘சக்கரத் தள்ளுவண்டி மர்மம்’ என்ற பொருளில் ஒரு பகடி நூலும் வந்தது. விளம்பரம் கூட்டத்தை வரவழைக்கும். ஆனால் ஒன்றரை நூற்றாண்டை நெருங்கியும் ஒரு நூல் மறுபதிப்பாகிறது என்றால் அதற்கு விளம்பரம் காரணமாக இருக்க முடியாது. டாயிலின் தீர்ப்பை அதனால் ஏற்க இயலவில்லை.

6. விற்றது எது, விற்காதது எது

இனி ஐம்பது பவுண்டு. சிலர் கூடி ‘ஹான்சம் கேப் பப்ளிஷிங் கம்பெனி’ என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். இங்கிலாந்து, அமெரிக்க உரிமைகளை அவர்களுக்கு ஒரே தொகையாக ஹ்யூம் விற்றார். விற்றபின் அந்தக் கம்பெனியோடு தமக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று அவரே தெளிவாகச் சொல்கிறார்.

அவரை ஏமாளி என்று சொல்வதற்கு முன் அந்தக் காலத்து விலைவாசியைப் பார்க்க வேண்டும். டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டை வார்டு லாக் நிறுவனம் மொத்த உரிமையோடு வாங்கியது 25 பவுண்டுக்கு. நூல் வெளிவர 1887 வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. ஹ்யூமுக்குக் கிடைத்தது அதைப்போல இரண்டு மடங்கு. அமெரிக்காவிலோ, வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு 1891 வரை காப்புரிமையே கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சடிக்கலாம். அந்த நாட்டு உரிமையை வைத்திருந்தும் பெரிய பலன் இருந்திருக்காது. இங்கிலாந்து உரிமைதான் தங்கச் சுரங்கம்.

அதை ஏன் விட்டார்? பழைய கதைகள் கவனிக்காத ஒரு செய்தியில் இதற்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். நூல் உரிமையை விற்ற ஹ்யூம், நாடக உரிமையை விற்கவில்லை. 1888இல் ஆர்தர் லாவுடன் சேர்ந்து அவர் ஆக்கிய நாடக வடிவம் லண்டன் பிரின்சஸ் அரங்கில் மேடையேறியது. மேடையிலிருந்து அவருக்கு வருமானமும் வந்தது. தொடக்கத்தை நினைவுகூர வேண்டும்: நாடக அரங்கின் கதவைத் திறக்கத்தான் அவர் நாவலே எழுதினார். அவருக்கு நாவல் ஒரு முகவரி அட்டை, நாடகம்தான் சொத்து. எதன் மதிப்பு அவருக்குத் தெரிந்ததோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எதன் மதிப்பு தெரியவில்லையோ அதை விட்டார். சட்டம் படித்து, வழக்கறிஞராகத் தகுதி பெற்றிருந்தவர் செய்தது இது. அவருக்குச் சட்ட அறிவு குறைவில்லை. ஐயாயிரம் பிரதி விற்றது கண்முன்னே நடந்தும், தாம் எழுதியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் நம்பவில்லை. விற்பனை தம் எதிர்பார்ப்பையும் மீறியது என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அதன்பின் 1932இல் எசெக்ஸில் இறக்கும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஒன்றுகூட முதல் நாவல் அடைந்த இடத்தை எட்டவில்லை.

7. நம் பக்கத்திலிருந்து

இந்த இடத்தில் வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர். தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தைத் தோழி ஒருவர் எழுதிக்கொள்ள, வாயால் சொன்னவர். 1925இல் நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே ஏற்று, தம் முதல் நாவலான ‘வைதேகி’யை அதில் தொடராக வெளியிட்டார். பிறகு சொந்த அச்சகம். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். இவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி இருவேறு கருத்து உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் எழுத்து, இதழ், அச்சு என்று எல்லாமே அவர் கையில் இருந்தன. சட்டம் படித்த ஹ்யூமுக்கு வாய்க்காதது கோதைநாயகிக்கு வாய்த்தது.

முதல் நாவலை முந்நூறு பிரதி அச்சடித்துப் பரணில் அடுக்கி வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அச்சுக்கூலிக்கு நகை அடகு வைத்தவரும் அவர்களில் ஒருவர். மின்னூல் வந்தபின் அச்சுச்செலவு குறைந்திருக்கிறது. கையெழுத்துப் போடவேண்டிய தாள்கள் குறையவில்லை. ஒலிநூல், இணையத்தொடர், திரைப்படம், மொழிபெயர்ப்பு என்று விற்பதற்கான உரிமைகள் ஹ்யூம் காலத்தைவிடப் பல மடங்கு பெருகியிருக்கின்றன. ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற இரண்டு சொற்களைக் கண்டால், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். எது எத்தனை ஆண்டுக்கு என்பதையும் கேளுங்கள்.

ஹ்யூமின் நாவலைத் தேடிப் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1896 பதிப்பு கிடைத்தால் முன்னுரையை விட்டுவிட்டு நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். தம் முதல் வரைவில் கொலையாளி யார், பிறகு யாரைக் கொண்டுவந்தார் என்பதை ஹ்யூம் அதில் பெயரோடு எழுதிவைத்திருக்கிறார்.